எமோ, பங்க் வாசிப்புக்குக் கிளீன் டோன்: ஹெட்ஃபோனில் இனிக்கிறது, ஜாமிங் ஸ்டூடியோவில் காணாமல் போகிறது

செந்தூல் ஆறுதந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் எமோ (பங்க்கிலிருந்து கிளைத்த, உணர்ச்சி மிகுந்த ராக் வகை) இசைக்குழு நடத்துகிறோம். பாடல்கள் தமிழில், வாசிப்பு முறை 1990களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பக்கத்திலிருந்து வந்த குழுக்களைப் பின்பற்றியது. ஒவ்வொரு தந்தியாக மீட்டும் கிளீன் (ஒலியைச் சிதைக்காத) பகுதிகளும், பங்க் வேகத்தில் அடித்து வாசிக்கும் பகுதிகளும் ஒரே பாடலுக்குள் மாறி மாறி வரும். என்னிடம் இருப்பது இரண்டு ஹம்பக்கர் பிக்கப் கொண்ட, லெஸ் பால் வடிவ எபிபோன் கிட்டார். தந்திகளின் தடிமன் 10-46 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). தடித்த தந்தியிலிருந்து தொடங்கி எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று ஸ்ருதி வைத்துக்கொள்கிறேன்.

அடுக்குமாடி வீட்டில் ஆம்ப் வைத்து வாசிக்க வழியில்லாததால், கணினியில் ட்வின் ரிவெர்ப் ஆம்பின் மாதிரி ஒன்றைத் திறந்து, ஹெட்ஃபோனில் கேட்டுத்தான் ஒலியை அமைக்கிறேன். பேஸையும் டிரெபிளையும் ஏற்றி, மிட்டை (இடைப்பட்ட அதிர்வெண்களை) நன்றாக இறக்கி, ரிவெர்ப்பும் கோரஸும் சேர்த்தால் மிகவும் இதமாக இருக்கிறது. ஆனால் ஸ்டூடியோவுக்குப் போய் அங்குள்ள ரோலண்ட் ஜேசி-120 ஆம்பில் அதே அமைப்பை வைத்தால், தனியாக வாசிக்கும்போது காதைக் குத்துகிறது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்துகொண்டதும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டினால் பாடகர் முகம் சுளிக்கிறார். பக்கத்தில் இருக்கும் மார்ஷல் ஆம்பில் கெயினை (ஒலியைச் சிதைக்கும் அளவை) ஏற்றினால் எல்லோருக்கும் கேட்கிறது, ஆனால் இந்த ஸ்ருதியில் வரும் கோர்ட்களெல்லாம் குழைந்து கூழாகிவிடுகின்றன.

கையில் 600 ரிங்கிட் இருக்கிறது. கம்ப்ரஸர் பெடல் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது) வாங்குவதா, பிக்கப்பை மாற்றுவதா, அல்லது ஜேசி-120 இவ்வகை இசைக்கே பொருந்தாத ஆம்பா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜெலுத்தோங் ஒலிமேசை எழுதியது:

தம்பி, அந்த 600 ரிங்கிட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி, மெதுவாகக் கேட்டு அமைத்த ஒலியை உரத்த இடத்தில் பயன்படுத்துவதால் வருகிறது. ஒலியின் அளவு குறையும்போது, மனிதக் காதுக்கு அடிப்பகுதி வெகுவாகவும் மேற்பகுதி ஓரளவும் மங்கிக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் ஹெட்ஃபோனில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்கினால் நிறைவாகத் தோன்றுகிறது. டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும் அளவுக்கு ஆம்பைத் திறந்ததும் அந்த இரண்டும் தாமாகவே காதில் எழும்பிவிடும். நீங்கள் ஏற்றியதும் அதன் மேல் சேர்ந்துகொள்ளும். குத்துவதற்குக் காரணம் அதுதான்.

காணாமல் போவதற்குக் காரணம் நீங்கள் இறக்கிய மிட். உங்கள் ஆறாவது தந்தி ஏறக்குறைய 87 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பகுதி முழுவதும் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. மேலே 5 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் சிம்பல் எல்லாவற்றையும் மூடிவிடும். குழுவுக்குள் கிட்டாருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதிதான், அதைத்தான் நீங்கள் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். ஜேசி-120இல் பிரைட் சுவிட்சை அணைத்துவிட்டு, பேஸ் 3, மிடில் 7 அல்லது 8, டிரெபிள் 4 என்று தொடங்குங்கள். ஹம்பக்கர் வலுவாக வந்தால் லோ என்று குறித்த துளையில் செருகுங்கள். கோரஸை அணைத்துவிடுங்கள், ரிவெர்ப்பை 2க்கு மேல் ஏற்றாதீர்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்தது போல், கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கும். டிரம்ஸ் தொடங்கும் வரை அதைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். குமிழ்களைத் திருகும்போது ஆம்பின் முன் குனிந்து, காதை ஸ்பீக்கரின் உயரத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களை நேர் எதிரே மட்டும்தான் பாய்ச்சும். தரையில் வைத்த ஆம்பின் அருகில் நின்றால் அவை உங்கள் முழங்காலுக்குப் போகின்றன. உங்களுக்கு மந்தமாகக் கேட்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குத்தலாகக் கேட்கிறது. கடைவீட்டு மாடிகளில் நடக்கும் சிறிய நிகழ்ச்சிகளில் கிட்டாருக்குத் தனி மைக் வைப்பது அரிது என்பதால், ஆம்பை ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைப்பதே ஒலிப்பதிவாளரின் பாதி வேலையைச் செய்துவிடும்.

கெயினை ஏற்றினால் கூழாவதற்கும் தெளிவான காரணம் உண்டு. ஒலி சிதையும்போது, ஒன்றாக ஒலிக்கும் இரண்டு சுரங்களின் அதிர்வெண்களுக்கு இடையிலான வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாகப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தையும் 165 ஹெர்ட்ஸ் ஈ சுரத்தையும் சேர்த்து அடித்தால் பிறப்பது 55 ஹெர்ட்ஸ், அதாவது அதே ஏ சுரத்தின் கீழ் ஸ்தாயி. பங்க்கில் பவர் கோர்ட் அவ்வளவு திடமாக ஒலிப்பது இதனால்தான். டிஸ்டார்ஷனே ஒரு கீழ் சுரத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. உங்கள் ஸ்ருதியிலோ அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதுதான் அழகு. 262 ஹெர்ட்ஸ் சி சுரத்தையும் 294 ஹெர்ட்ஸ் டி சுரத்தையும் சிதைத்தால் 32 ஹெர்ட்ஸில், சுரமாகக் காதில் பிடிபடாத அளவுக்குத் தாழ்ந்த ஓர் உறுமல் வரும். ஆகவே இந்த வகை வாசிப்புக்குக் கிளீன் டோன் என்பது வெறும் ரசனை சார்ந்த விஷயமன்று.

கெப்போங் பட்டறை எழுதியது:

ஒலிமேசை அண்ணன் ஆம்பைப் பார்த்துவிட்டார்; நான் கிட்டாரைப் பார்க்கிறேன். பிக்கப்பை மாற்றுவதற்கு முன் ஒரு திருகாணிச் சுற்றியை எடுத்து அதன் உயரத்தைக் குறையுங்கள். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்த நிலையில், தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே பிரிட்ஜ் பக்கம் 1.6 மில்லிமீட்டர், நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டர் என்பது ஹம்பக்கருக்கு வழக்கமான தொடக்க அளவு. கிளீன் வாசிப்புக்கு நெக் பிக்கப்பை அதைவிட ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலும் தவறில்லை. ஒலி கொஞ்சம் சிறுக்கும், ஆனால் பிக் தந்தியைத் தொடும் அந்த முதல் கணம் தெளிவாகப் பிரிந்து கேட்கும். பிறகு இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலைக்குச் சுவிட்சைத் தள்ளி, நெக் வால்யூமை மட்டும் 10இலிருந்து 7 வரை மெல்ல இறக்கிப் பாருங்கள். லெஸ் பால் இணைப்பில் இரண்டு வால்யூமும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் குணம் மாறும். நீங்கள் தேடும் ஒலி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வால்யூமைக் குறைத்தால் டிரெபிள் மங்குகிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். 1 நானோஃபாரட் மின்தேக்கியையும் 150 கிலோஓம் மின்தடையையும் இணையாகச் சேர்த்து, வால்யூம் பாட்டின் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறுமின்தடையின்) உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே பற்றவைத்தால் அந்த மங்கல் தீரும். புடுவில் ஜாலான் பாசார் பக்கம் உள்ள மின்னணு உதிரிபாகக் கடைகளில் இவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கேபிளையும் பாருங்கள். சாதாரண கிட்டார் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கொள்ளளவைச் சேர்த்து டிரெபிளை உறிஞ்சும். மூன்று மீட்டர் போதுமான இடத்தில் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டிப் போட்டு வாசிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஸ்ருதி விஷயம் இதைவிட முக்கியம், ஏனென்றால் கிளீன் டோனில் ஸ்ருதிப் பிசகை மறைக்க எதுவும் இல்லை. வழக்கமான ஸ்ருதியிலிருந்து பார்த்தால் உங்கள் ஆறாவது தந்தியும் இரண்டாவது தந்தியும் அரைச் சுரம் ஏறுகின்றன. நான்காவது தந்தி ஒரு முழுச் சுரம் இறங்குகிறது. அந்த நான்காவது தந்தி தளர்ந்துவிடுவதால், வேகமாக அடிக்கும்போது தொடக்கத்தில் சுரம் சற்று மேலே போய்ப் பிறகுதான் கீழே வந்து நிற்கும். 10-46 செட்டில் நான்காவது தந்தி பெரும்பாலும் 26 ஆக இருக்கும். அதை மட்டும் 28 அல்லது 30 ஆக மாற்றுங்கள். பிரிட்ஜ் சேணத்தை முன்பின் நகர்த்தி இண்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுரம் பிசகாமல் இருப்பது) சரிபார்ப்பதையும் இந்த ஸ்ருதியில் வைத்தே செய்யுங்கள். கடையிலிருந்து வந்த அமைப்பு வேறு ஸ்ருதிக்கானது. ஸ்ருதி கூட்டும்போது தலைப்பக்கத்திலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தால், தந்தி நட்டின் (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் பதியும் பட்டையின்) பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று பொருள். லெஸ் பால் வடிவத்தில் மூன்றாவது, நான்காவது தந்திகள் நட்டிலிருந்து பக்கவாட்டில் வளைந்து போவதால் அங்கே சிக்கல் அதிகம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில், கைவியர்வையும் சேர்ந்தால் தந்தி எவ்வளவு விரைவில் கறுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கறுத்த தந்தியில் கிளீன் டோன் தேடுவது வீண் வேலை. வாசித்து முடித்ததும் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துணியால் துடையுங்கள்.

அம்பாங் மூன்று கோர்ட் எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முழுக்கக் கிளீனாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணமே பங்க் பகுதிகளைக் கெடுக்கும் என்பது என் கருத்து. பாஸ் புளூஸ் டிரைவர் போன்ற ஒரு மிதமான ஓவர்டிரைவ் (ஒலியை லேசாகச் சிதைக்கும்) பெடலை எப்போதும் மிதித்த நிலையிலேயே வைத்து, கெயினை மிகக் குறைவாகவும் லெவலைச் சற்று அதிகமாகவும் வையுங்கள். மென்மையாக மீட்டினால் கிளீனாகவும், ஓங்கி அடித்தால் ஓரத்தில் லேசாகக் கிழிந்தும் வரும். அடிக்கும் கையே சுவிட்ச் ஆகிவிடுகிறது. இந்த வேலைக்கு நான் கம்ப்ரஸரைப் பரிந்துரைக்க மாட்டேன். கைவிசையின் வேறுபாட்டை அது தட்டையாக்கிவிடும், கூடவே ஃபுளோரசன்ட் விளக்கின் இரைச்சலையும் தூக்கிக் கொடுக்கும்.

ஜேசி-120 பொருந்தாத ஆம்ப் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1975இல் வந்த அந்த ஆம்ப் டிரான்சிஸ்டரில் இயங்குவது. வால்வு ஆம்ப் போல் இளகாது என்பது உண்மைதான். ஆனால் லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர் குழுவின் ஆண்டி கில் வால்வு ஆம்பின் வெதுவெதுப்பு வேண்டாம் என்றே டிரான்சிஸ்டர் ஆம்பைத் தேடிப் பயன்படுத்தினார். போஸ்ட்-பங்க் கிட்டாரின் வெட்டு வெட்டான ஒலிக்கு அவர் வாசிப்பே முன்மாதிரி.

ஜெலுத்தோங் ஒலிமேசை எழுதியது:

கம்ப்ரஸர் பற்றி மட்டும் நான் உடன்படவில்லை. ஜேசி-120 தானாக இளகாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த இளக்கத்தைத்தான் கம்ப்ரஸர் ஓரளவு ஈடு செய்கிறது. விகிதம் 3:1 அல்லது 4:1, அட்டாக் (ஒலி எழுந்த பின் அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட் என்று வைத்தால் பிக்கின் முதல் தட்டு பிடிபடாமல் கடந்துபோகும், அதன் பின்னே வரும் நீட்சி மட்டும் தூக்கிக் கொடுக்கப்படும். அட்டாக்கை மிக வேகமாக வைத்து, சஸ்டெய்ன் குமிழை எல்லை வரை திருகுபவர்களால்தான் அந்தப் பெடலுக்குக் கெட்ட பெயர். ஓவர்டிரைவ் வேண்டுமானால் கம்ப்ரஸருக்குப் பின்னால் வையுங்கள்.

பட்டர்வொர்த் நாலுதந்தி எழுதியது:

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவள் என்பதால், இங்கே யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கிறேன். உங்கள் குழுவின் பேஸ் வாசிப்பவர் பிக்கால் வாசிக்கிறாரா, விரலாலா? அவருடைய ஆம்பில் மிட் எந்த இடத்தில் இருக்கிறது? கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவிலிருந்து வந்த மினிட்மென் குழுவில் டி. பூன் கீழ்ப்பகுதியை விட்டுக்கொடுத்து, டிரெபிள் மிகுந்த மெலிந்த ஒலியில்தான் கிட்டார் வாசித்தார். அதனால் மைக் வாட்டின் பேஸ் கிட்டாருக்குக் கீழ்ப்பகுதி முழுவதும் கிடைத்தது. மூவரே வாசித்தபோதும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். பங்க்கில் கிட்டார் எப்போதும் தடிமனாக இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

உங்கள் ஆறாவது தந்தியில் நீங்கள் வாசிக்கும் அடிச்சுரத்தைப் பேஸ் வாசிப்பவரும் ஒரு ஸ்தாயி கீழே அப்படியே வாசிக்கிறார் என்றால், அந்தப் பகுதியில் ஆறாவது தந்தியைத் தொடாமல் மேல் நான்கு தந்திகளில் மட்டும் வாசித்துப் பாருங்கள். பாடகர் முகம் சுளிப்பதற்கும் இதில் விடை இருக்கலாம்: பாடும் சுரத்தையே கிட்டாரின் மேல் தந்திகளும் அதே நேரத்தில் மீட்டினால், எந்த ஆம்ப் அமைப்பாலும் இருவரையும் பிரித்துவிட முடியாது. பாடும் வரியில் கிட்டார் குறைவாகவும், வரி முடிந்த இடைவெளியில் நிறைவாகவும் வாசிப்பது தமிழ்ப் பாட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் நம் வரிகளில் அசைகள் நெருக்கமாக வருகின்றன.

செந்தூல் ஆறுதந்தி எழுதியது:

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. ஒலிமேசை அண்ணன் சொன்ன அளவுகளோடு, பிக்கப்பை இறக்கி, நடு நிலையில் வைத்து வாசித்துப் பார்த்தோம். குனிந்து கேட்டபோதுதான் டிரெபிள் 4 கூட அதிகம் என்று தெரிந்து 3க்கு இறக்கினேன். முதல் முறையாக டிரம்ஸ் வாசிப்பவர் நான் எந்தச் சுரத்தில் நிற்கிறேன் என்று கேட்டு வாசித்தார். எங்கள் பேஸ் வாசிப்பவர் பிக்கால்தான் வாசிக்கிறார். ஆறாவது தந்தியை விட்டதும் இரண்டு பாடல்களில் இடம் திறந்துவிட்டது, மற்றொரு பாடலில் வெறுமையாகத் தெரிந்ததால் அங்கே பழையபடியே வாசிக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். கோரஸும் டிலேயும் (எதிரொலியும்) முற்றிலும் வேண்டாமா? எங்கள் அறிமுக இசை ஒன்றுக்கு அந்தக் குணம் தேவைப்படுகிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் ஒன்று குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கலாமா?

ஜெலுத்தோங் ஒலிமேசை எழுதியது:

அறிமுக இசைக்குத் தாராளமாகப் போடுங்கள், டிரம்ஸ் நுழையும் இடத்தில் அணைத்துவிடுங்கள். ஜேசி-120இன் கோரஸ் ஒரு ஸ்பீக்கரில் மாற்றமில்லாத ஒலியையும் மற்றொன்றில் சற்றே அசையும் ஒலியையும் அனுப்பி, இரண்டும் அறைக் காற்றில் கலப்பதால் உருவாவது. மேடையில் ஒரே ஒரு மைக்கை ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தால் அந்தக் கலப்பு மைக்குக்குள் சரியாகப் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் பெடலில் வரும் கோரஸே மேல். டிலேயைப் பாட்டின் வேகத்துக்கு அமையுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். புள்ளி வைத்த எட்டாம் பங்கு வேண்டுமானால் 375. ஓர் எதிரொலி, அதுவும் மூலத்தைவிட நன்றாகத் தாழ்ந்து கேட்டால் போதும்.

கெப்போங் பட்டறை எழுதியது:

100 வோல்ட் ஆம்பை நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். ஆம்பின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வாட் அளவைவிட அதன் திறன் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். விலை பேசும்போது டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும், அதன் கனத்தை மாடிப்படியில் யார் தூக்குவது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய ஜப்பானிய ஆம்ப்களின் செருகி பல நேரங்களில் இரண்டு முனை மட்டும் கொண்டது, அதாவது நில இணைப்பு இல்லாதது. வாங்குவதாக இருந்தால், தெரிந்த பட்டறையில் மூன்று முனைக் கம்பி போட்டு, நில இணைப்பைச் சோதித்த பிறகே தந்தியில் கை வையுங்கள். ஸ்டூடியோவில் ஜேசி-120 இலவசமாகக் கிடைக்கும் வரை நானாக இருந்தால் அதை வாங்க மாட்டேன். தடித்த நான்காவது தந்தியோடு ஒரு செட், நல்ல குட்டைக் கேபிள், பயன்படுத்திய கம்ப்ரஸர் ஒன்று, இவற்றை வாங்கினாலும் உங்கள் 600 ரிங்கிட்டில் மிச்சம் இருக்கும்.